தையல் மேல் திருநீறு

பொன்னம்பல அடிகளுக்கு இடது கண்ணில் எந்நேரமும் நீர் வடியும். உலகத்தின் துயரத்துக்காக அழுகிறார் என்றார்கள் பக்தர்கள்.

"கண்ணீர் போற குழாய் அடைச்சிருக்கு," என்பார் அடிகள்.

என்ன ஒரு தன்னடக்கம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அவர்களில் முதல் ஆள் ஆவுடையப்பன். தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சீடர். அடிகள் ஆபரேஷனுக்குச் சம்மதித்ததில் அவருக்கு மனசே ஆறவில்லை. ஞானிக்கு எதற்குக் கத்தி?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூக்கோரம் நாலு தையல். "மருந்தைத் தவிர வேற எதுவும் அதுல படக் கூடாது," என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

மறுநாள் மத்தியானம், வலி மாத்திரை போட்டுக்கொண்டு அடிகள் அயர்ந்து தூங்கினார். ஆவுடையப்பன் சன்னிதியிலிருந்து திருநீறு எடுத்துவந்து, ஐந்தெழுத்தை ஓதி, தையல் மேல் பூப்போலப் பூசிவிட்டார்.

மூன்றாம் நாள் கன்னம் பணியாரமாக உப்பியது. சீழ் கட்டி, காய்ச்சல் கொதித்தது.

டாக்டரம்மா தையலைப் பிரித்துப் பார்த்தார். "யாரு இதுல சாம்பலை அப்பினது?"

ஆவுடையப்பன் சுவரிலிருந்த காலண்டரைப் படித்தார்.

"என் மேல ரொம்பப் பிரியம் உள்ளவங்க யாரோ," என்றார் அடிகள்.

"இன்னும் ரெண்டு நாள் பிரியமா இருந்திருந்தா கண்ணே போயிருக்கும்!"

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஊசியும் டிரிப்ஸுமாகப் போயிற்று. ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் நாள் காலை, வீக்கம் வடிந்த பிறகு, கட்டிலருகே வந்து நின்றார்.

"சாமி, அது நான்தான்."

"தெரியும். காலண்டரை யாரு அவ்வளவு நேரம் படிப்பா?"

"முழு நம்பிக்கையோடதான் பூசினேன். நம்பிக்கை எப்படி சாமி சீழ் பிடிக்கும்?"

அடிகள் மூலையிலிருந்த குழாயைக் காட்டினார். "கையைக் கழுவிட்டு வாரும்."

கழுவினார்.

"சோப்புப் போட்டு."

மறுபடி கழுவினார்.

அடிகள் சொட்டு மருந்தை அவர் கையில் கொடுத்து, தலையைச் சாய்த்து, இடது கண்ணை விரித்துக் காட்டினார்.

ஆவுடையப்பன் மருந்தைத் திருப்பி நீட்டினார். "நர்ஸம்மாவைக் கூப்பிடுதேன் சாமி. எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும்," என்றார் அடிகள். "அன்னைக்கு நடுங்கியிருந்தா நான் முழிச்சிருப்பேன். ரெண்டு சொட்டு விடும்."