இரும்பு மாமாவின் தலை

திருவேங்கடநாதன் பழைய டிவிப் பொருள் கண்காட்சிக்குத் தலைவர். "க்ர்ர்ஹும்" என்று கனைக்காமல் வாயே திறக்கமாட்டார். கறுப்பு வெள்ளைக் காலத்து 'இரும்பு மாமா' தொடரில் வந்த ரோபோ தலையை அச்சு அசலாகச் செய்யச் சொல்லி எங்கள் பட்டறை ஜெசிந்தா அக்காவை வதைத்தார். அக்கா செய்த இரண்டு தலையுமே அவருக்குப் பிடிக்கவில்லை.

"க்ர்ர்ஹும்! அசல் என் கண்ணுக்குள்ளயே நிக்குதும்மா. நாளைக்கும் சரியா வரலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்!"

மறுநாள் அக்கா இன்னொரு தலையை மேஜையில் வைத்தாள்.

"க்ர்ர்ஹும்! இது தலையா, இட்லிக் குண்டானா? மூக்குன்னு மண்ணெண்ணெய்ப் புனலைச் சொருகியிருக்கே! நேத்துக் கொண்டுவந்தது எவ்வளவோ தேவலை."

"அப்ப அதையே வெச்சுக்கலாமா சார்?"

"வெச்சுத் தொலை!"

"ரொம்ப நன்றி சார். இது இரும்பு மாமாவா நடிச்ச ஐயா அந்தத் தொடர்ல மாட்டிட்டிருந்த அசல் தலை. ஒத்துப்பார்க்க இரவல் வாங்கினேன். நிஜமாவே குண்டானும் புனலும்தான். ஐயா வெளியே ஆட்டோவுல இருக்கார். நீங்க இப்பச் சொன்னதை அவர்கிட்டயும் சொல்றீங்களா?"

தலைவர் குரல் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டது.

"வேணாம்மா... பாவம், வயசானவர்."

சும்மா சொல்லக்கூடாது, அக்கா அக்காதான்!