குதிரை பழகிய விதம்

கருங்காட்டு ஜமீன்தார் சேதுராயர் ஏறி உட்கார்ந்தால் குதிரை ஓர் அடி நகராது. "தைப்பூசத்துக்கு நான் இதுமேல ஊர்வலம் போகணும். அதுக்குள்ள பழக்கு. இல்லாட்டி லாயத்தை விட்டு வெளியே போ!" என்று குதிரைக்காரன் மாசானத்திடம் உறுமினார்.

ஒரு வருடமாகத் தோட்டத்தில் ஆடி அசைந்து உலாவியும் அவருடைய தொப்பை குறையவில்லை என்பது மாசானத்துக்குத் தெரியும். அதை யார் சொல்வது?

"எசமான் நீங்களே இதோட கயிற்றைப் பிடிச்சு ஓடினாத்தான் பழகும். கிணறு வரைக்கும் மூச்சு வாங்க ஓடணும், கொஞ்சம் நடக்கணும், மறுபடி ஓடணும். மெதுவா நடக்கிறவங்களை இது மதிக்காதுங்க."

முதல் நாள் இருபது அடியிலேயே ஜமீன்தார் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் ஊர்வல ஆசை விடவில்லை, தினமும் ஓடினார். மூன்று மாதத்தில் தொப்பை கரைந்தது, தொடை இறுகியது. தைப்பூசத்தன்று தாவி ஏறினார். குதிரை துள்ளி நடந்தது.

"பலே! நல்லா பழக்கிட்டியே!"

"குதிரை அன்னிக்கு இருந்த மாதிரியேதான் இருக்குங்க, எசமான்," என்றான் மாசானம் பணிவாக.

ஊர்வலக் கூட்டம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. சேதுராயர் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு அவரே முதலில் சிரித்தார்.

"நாளைக்கும் ஓடணுமாடா?"

"குதிரையைக் கேட்டுச் சொல்றேனுங்க."