சுவரில் நடந்த பேய்

மனைவி செத்ததிலிருந்து ஜமீன்தார் தன் அறை ஜன்னலைத் திறக்கவில்லை. அந்த இருட்டில், உச்சி வெயில் நேரத்தில், சுவரில் மங்கலான உருவங்கள் தலைகீழாய் நடந்தன.

“கூட்டிப் பெருக்குறாளே சடச்சி, அவ ஏவின பேய். பொழுது சாயறதுக்குள்ள ஊரைவிட்டு விரட்டுங்க,” என்றார் பேயோட்ட வந்த மாந்திரீகர்.

சடச்சி ஜன்னல் பலகையில் கரையான் துளைத்த ஓட்டையைப் பார்த்தாள்.

“போறேன் எசமான். அதுக்கு முன்னே இந்தச் சாமி ஜன்னலுக்கு நேரா வாசல் வெயில்ல நின்னு மந்திரம் சொல்லட்டும்.”

மாந்திரீகர் போனார். சுவரில் புதிதாய் ஒரு பேய் வந்தது. காவி வேட்டி, உருத்திராட்சம். தலைகீழாய்த் தொங்கி வேப்பிலையை ஆட்டியது.

சடச்சி ஓட்டையை விரலால் பொத்தினாள், பேய் மறைந்தது. விரலை எடுத்தாள், வந்தது.

“வெளிய நிக்கிற ஆளோட வெளிச்சம் ஓட்டை வழியா வந்து கவிழ்ந்து விழுது, எசமான். இப்ப எந்தப் பேயை விரட்டணும்?”

ஜமீன்தார் குரல் கொடுத்தார். சுவரில் இரண்டு சேவகர்கள் தலைகீழாய் வந்து அந்தப் பேயை இழுத்துப் போனார்கள்.