மிச்சமான மூணு மணி நேரம்

சிவகாசியில் தவசிலிங்கம் என்று ஒரு அச்சக முதலாளி. அவரிடம் படம் வரைய இரண்டு பேர், காசிமணியும் சந்தனக்குமாரும். மூன்று பேருக்கும் மூளை உண்டு. யாரும் வெளியே எடுத்ததில்லை. அறிமுகம் போதும்.

விருதுநகர் ஜவுளிக்கடை அய்யாதுரை தினசரி காலண்டர் கேட்டிருந்தார். மேலே மயிலோடு முருகன் படம். பழைய கம்ப்யூட்டரில் அந்த மயில் திறக்கவே கால் மணி நேரம். அதுவரை இருவரும் டீக்கடையில் இருப்பார்கள். அய்யாதுரை சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை படம் முடியலேன்னா ஆர்டர் எதிர்த்த பிரஸ்ஸுக்கு."

அந்த ஆர்டர் போனால் அச்சகத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். முதலாளி பயந்துபோய் மதுரையிலிருந்து பெரிய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ஒன்றை இறக்கினார். அதைப் பொருத்திக்கொடுத்த இன்ஜினியர், "தினமும் மூணு மணி நேரம் மிச்சம் அண்ணாச்சி" என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை. காசிமணி ஒரு தட்டு தட்டினான். மயில் வந்து நின்றது.

"இவ்வளவு வெரசா வந்தா முழுசா வந்திருக்காது முதலாளி."

"எண்ணுங்கடா."

தோகைக் கண்களை எண்ணினார்கள். நூற்றுப் பன்னிரண்டு. பழையதில் திறந்து எண்ணினார்கள். அதிலும் நூற்றுப் பன்னிரண்டு. பொழுது சாய்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வேறு சிக்கல்.

"டீ எப்ப குடிக்கிறது முதலாளி?"

"படம் திறக்கும்போது."

"அதான் திறந்திருச்சே!"

"மூடிட்டுப் போ. வந்து திற."

ஒவ்வொரு டீக்கும் மூடினார்கள். சேமிக்கவில்லை. திரும்பி வந்தால் மாற்றின நிறமெல்லாம் பழையபடி இருந்தது.

"பிடிவாதக்கார மயில்" என்றான் சந்தனக்குமார்.

புதன்கிழமை முதலாளி கேட்டார், "மிச்சமான மூணு மணி நேரம் எங்கடா?"

"ரெண்டு நாளும் சாயங்காலம் பார்த்தோம், இல்ல."

"கடைசியில தேடினா எப்படி இருக்கும்? காலையிலேயே எடுத்துரணும்."

மறுநாளிலிருந்து, காலை ஒன்பதுக்கு வர வேண்டிய மூவரும் மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அய்யாதுரை வந்தார். மிஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க இன்ஜினியரும் வந்தார். திரையில் பாதி மயில்.

"முருகன் எங்கய்யா?"

"மயில் முடிஞ்சாத்தானே அண்ணாச்சி ஏற முடியும்?" என்றான் காசிமணி.

இன்ஜினியர் கொதித்தார். "தினமும் மூணு மணி நேரம் மிச்சமாகியுமா முடியல?"

"அது கரெக்டா மிச்சமாச்சு சார். மீதி ஆறு மணி நேரந்தான் பத்தல."

சந்தனக்குமார் விரல் விட்டு எண்ணினான். "ஒரு மிஷினுக்கு மூணு. ரெண்டுக்கு ஆறு. மூணு வாங்கினா ஒன்பது. நம்ம பிரஸ்ஸே ஒன்பது மணி நேரந்தானே முதலாளி?"

"அப்ப நாம வரவே வேண்டாமாடா?"

"எதுக்கு?"

முதலாளி இன்ஜினியர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு அனுப்புங்க சார்!"

ஆர்டரைப் பிடுங்க வந்த அய்யாதுரை தாடையைச் சொறிந்தார். "சார், என் கடை பன்னிரண்டு மணி நேரம். எனக்கு நாலு அனுப்புங்க. நாளையிலிருந்து கடையைப் பூட்டிரலாம்."

"அப்ப காலண்டர் அண்ணாச்சி?" என்று கேட்டார் தவசிலிங்கம்.

"பூட்டின கடையில யாருய்யா தேதி கிழிக்கிறது?"

தவசிலிங்கம் யோசித்தார்.

"நியாயந்தான்" என்றார்.