சுற்றிக்கொண்டே இருந்த அப்பா

சின்ன வெங்காயத்துக்கு முதலில் தலையைக் கிள்ள வேண்டும், பிறகு வாலை. அதற்கப்புறம் தோல் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எட்டே எட்டு வீடு இருந்தது. அதில் கடைசி வீட்டு வாசலில் உட்கார்ந்து, பவளம் என்று ஒருத்தி தினமும் இப்படித்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எட்டு வீட்டுப் பெண்களுக்கும் அதுதான் வேலை. சாயங்காலம் வண்டி வந்து, உரித்ததை டவுன் ஓட்டல்களுக்கு அள்ளிக்கொண்டு போகும்.

பவளத்துக்கு மனிதர்களிடம் பேச வராது. யாராவது பேர் கேட்டால் முந்தானையிடம் சொல்வாள், முந்தானை கேட்டவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் சட்டி, கத்தி, வெங்காயம் என்றால் நன்றாகப் பேசுவாள். அவையும் அவளிடம் பேசும்.

அவள் புருஷன் வேலாயுதம் மஸ்கட்டில் கிரேன் ஓட்டினான். பிள்ளை வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போது போனவன். அந்தப் பிள்ளை மகிழினிக்கு இப்போது பதினாலு மாதம். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்று மதியம் வீடியோவில் கூப்பிடுவான்.

பவளத்தின் போனுக்குள் ஒரு வட்டம் குடியிருந்தது. படம் வர நேரமானால் கண்ணாடியில் சுற்றுமே, அந்த வட்டம்தான். வேலாயுதத்தின் முகம் நாலு சதுரமாக வரும். மூக்கு ஒரு சதுரத்தில், மீசை இன்னொரு சதுரத்தில். அவன் “பவ” என்பான். “ளம்” வருவதற்குள் வட்டம் வந்து நடுவில் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும்.

“ஏன் வட்டண்ணே, ரெண்டு வார்த்தை பேச விடக் கூடாதா?” என்று பவளம் கேட்பாள்.

“நான் என்ன தாயி பண்ணுவேன்? டவர் எங்கேயோ இருக்கு. அங்கேருந்து வர்ற சிக்னல் வாய்க்காலைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டி வெச்சுட்டுக் கரையில உட்கார்ந்துக்குது. அது எந்திரிச்சு வர்ற வரைக்கும் வீட்டுல ஓர் ஆள் இருக்க வேணாமா?”

பவளத்துக்கு அவனிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. பதினோரு வெள்ளிக்கிழமையாக, “ஏங்க, ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். பதினோரு தடவையும் வட்டம் மிச்சத்தை விழுங்கிவிட்டது.

அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளை விஷயம்தான் பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு வெள்ளியும் போனைக் காட்டி, “அப்பா பாரு, அப்பா” என்று பவளம் சொல்லிக் கொடுத்தாள். அவள் விரல் நீட்டும் நேரமெல்லாம் கண்ணாடியில் இருந்தது வட்டம். மகிழினி நல்ல புத்திசாலிப் பிள்ளை. காட்டியதை அப்படியே பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்து “அப்பா” என்றது. அடுத்த நாள் வெங்காய வண்டிச் சக்கரத்தைப் பார்த்து “அப்பா” என்றது. பக்கத்து வீட்டு மருதாயி அக்கா கிரைண்டர் போட்டபோது தவழ்ந்து போய் அதைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தது.

“ஏ புள்ள பவளம்,” என்று மருதாயி அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “உன் வீட்டுக்காரரு இங்கேதான் மாவாட்டிக்கிட்டு இருக்காரு. உளுந்து முடிஞ்சதும் அனுப்புறேன்.”

எட்டு வீடும் சிரித்தது. பவளமும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டாள். அந்த வேலையில் அந்த வசதி உண்டு.

“வட்டண்ணே, சித்திரையில அவரு லீவுல வர்றாரு. வாசல்ல வந்து நிக்கும்போது பிள்ளை யாரோன்னு ஓடி ஒளிஞ்சுக்கிட்டா அந்த மனுஷன் என்ன ஆவாரு?”

 வட்டத்துக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பெறாமல் வளர்க்காமல் அப்பா ஆவது யாருக்குக் கிடைக்கும். இப்போது அதுவே உறுத்தியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊருக்குள் ஒரு வேன் வந்து நின்றது. வேனிலிருந்து ஓர் ஆள் உயர இன்டர்நெட் கேபிள் உருளையை இறக்கி, இரும்பு ஸ்டாண்டில் மாட்டினார்கள். அதில் சுற்றியிருந்த கறுப்புச் சட்டைக்குள் கண்ணாடி நூல் ஒருத்தி இருந்தாள். தலைமயிர் அளவுதான் இருப்பாள். வெளிச்சம் உள்ளே ஓடும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சம் தாங்காது, சிரித்துக்கொண்டே இருப்பாள்.

கம்பம் கம்பமாகத் தாவி வந்தவள், வாய்க்கால் கரையில் நின்ற கடைசிக் கம்பத்தில் வந்து முட்டினாள்.

“நகருங்க, எனக்கு அவசரம்.”

“எங்கே அவசரம்? எனக்கு அந்தாண்ட தண்ணி. உன் பயணம் இதோட சரி,” என்றது கம்பம்.

“அந்தப் பக்கம் அடுப்புப் புகை தெரியுதே.”

“எட்டு வீடு. ஆனா அளந்தவங்க காகிதத்துல கிடையாது. காகிதத்துல வாய்க்காலோட ஊர் முடியுது. அதுக்கப்புறம் வெறும் வெள்ளை.”

“வெறும் வெள்ளையிலிருந்து எப்படிங்க வெங்காய வாசனை வருது?”

கம்பம் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது.

செய்தி காற்றில் அக்கரைக்கு வந்தது. வட்டம் போனுக்குள்ளிருந்து கூப்பிட்டது. “பவளம், கத்தியைக் கீழே வை. போய்க் கேளு.”

“நானா? ரேஷன் கடையில சர்க்கரை போடலைன்னா அதைக் கேட்கவே எனக்கு வாய் வராது.”

“இப்போ கேட்கலைன்னா அவங்க கேபிளைச் சுருட்டிக்கிட்டுப் போயிருவாங்க. உன் பிள்ளை சித்திரையில கிரைண்டருக்கு மாலை போடும்.”

“அந்த நூல் வந்துட்டா உனக்கு வேலை போயிருமே, வட்டண்ணே.”

“போனா போகுது. நானும் எத்தனை நாளைக்குத்தான் சுத்துறது? எனக்கு மட்டும் தலை சுத்தாதா?”

பவளம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பனைமரத்துண்டுப் பாலத்தைத் தாண்டினாள். முந்தானை நுனி வாயில் இருந்தது. வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நின்றாள், அவ்வளவுதான்.

கேபிள் இழுக்கிற ஜெயபால் உருளையில் ஒரு கை வைத்துக்கொண்டு திரும்பினான். “என்னம்மா வேணும்?”

பவளம் தரையைப் பார்த்தாள். தரை ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அந்த நேரம் தூரத்தில் கம்பத்தடியில் நின்ற ஆள் கேபிளை இழுத்தான். உருளை சுற்ற ஆரம்பித்தது. மகிழினி இவ்வளவு பெரிய அப்பாவைப் பார்த்ததே இல்லை. இரண்டு கையையும் நீட்டி, ஜெயபாலின் பக்கம் தாவிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி “அப்பா” என்றது.

எதிரே டீக்கடையில் டம்ளர்கள் பாதி வழியில் நின்றன.

“என்ன தம்பி, சொல்லவே இல்லையே,” என்றார் டீ மாஸ்டர்.

“யோவ், நான் இந்த ஊருக்கு வந்ததே இன்னைக்குக் காலையிலதான்யா.”

வெட்கம் ஓர் அளவுக்கு மேல் கொதித்தால் பால் மாதிரி பொங்கிவிடும் போலிருக்கிறது. பவளத்தின் வாயிலிருந்து முந்தானை விழுந்தது.

“அண்ணே, உங்களைச் சொல்லலைண்ணே. அந்த உருளையைச் சொல்லுது. சுத்துறதெல்லாம் இதுக்கு அப்பா. இதோட அப்பா மஸ்கட்ல இருக்காருண்ணே. வீடியோவுல முகம் வர்றதுக்குள்ள வட்டம் வந்துருது. பிள்ளை வட்டத்தையே அப்பான்னு நினைச்சுக்கிச்சு. மின்விசிறியும் அப்பா, மாவாட்டுறதும் அப்பா. அவரு வந்து நின்னா பிள்ளைக்கு அடையாளம் தெரியாதுண்ணே. உங்க கேபிளை அந்தக் கரைக்கும் விடுங்கண்ணே. நாங்க எட்டு வீடு இருக்கோம். நிஜமாவே இருக்கோம்.”

ஆறு வருஷத்துக்குப் பேச வேண்டியதை ஒரே மூச்சில் பேசிவிட்டு, அவளே பயந்துபோய் நின்றாள்.

சிரிக்க வாயெடுத்த ஜெயபால் சிரிக்கவில்லை. வாய்க்காலைப் பார்த்தான். “கேபிள் இருக்கும்மா. தாங்குறதுக்கு அந்தக் கரையில ஒரு கம்பம் வேணுமே. காகிதத்துல இல்லாத இடத்துக்குக் கம்பம் தர மாட்டாங்க.”

“எவ்வளவு உசரம்ணே வேணும்?”

“இருபது அடி இருந்தா போதும்.”

எட்டு வீட்டுக்குப் பின்னால், போர்வெல் போட்டபோது மிஞ்சிய இருபதடி இரும்புக் குழாய் ஒன்று இரண்டு கவட்டைக் குச்சியின் மேல் படுத்திருந்தது. எட்டு வீட்டுச் சேலையும் அதில்தான் காயும். பவளம் ஓடிப்போய்ச் சொன்னதும், மருதாயி அக்காவும் மற்றவர்களும் அதன் மேலிருந்த துணியை உருவினார்கள்.

“என்னையா எழுந்திருக்கச் சொல்றீங்க?” என்றது குழாய். “ஒன்பது வருஷமா படுத்தே கிடக்கேன். உள்பாவாடையைத் தவிர உலகத்துல வேற எதுவும் எனக்குத் தெரியாது.”

ஜெயபால் ஆபீசுக்குப் போன் போட்டான். “சார், வாய்க்காலுக்கு அந்தாண்ட எட்டு வீடு இருக்கு. கம்பம் அவங்களே நடுறாங்களாம்.”

“எட்டும் இணைப்பு எடுக்குமா?” என்றது போன்.

ஜெயபால் அக்கரையைப் பார்த்தான். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்த பெண்கள் வரிசையாகக் கையைத் தூக்கினார்கள். ஒவ்வொரு கையிலும் வெங்காயக் கத்தி இருந்தது.

“எடுக்கும் சார். எடுக்கலைன்னா நான் வீடு போய்ச் சேர மாட்டேன்.”

“சரி, இழு.”

அன்று சாயங்காலம் வெங்காய வண்டி வந்தபோது வெங்காயம் பாதிதான் உரித்திருந்தது. ஆனால் குழி முழுசாகத் தோண்டியிருந்தது. குழாய் நிமிர்ந்து நின்றது. தூரத்தில் இருக்கிற மலையை முதல் தடவையாகப் பார்த்தது.

கண்ணாடி நூல் வாய்க்காலுக்கு மேலே வந்தாள். “கீழே பார்க்காதே,” என்று குழாய் கத்தியது. அவள் கீழே பார்த்தாள், தண்ணீரில் தன்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள், தாண்டிவிட்டாள். பின்னால் கடைசிக் கம்பம், “நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலையே,” என்று முனகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், பவளம் வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அரிசி டின்னில் சாய்த்து வைத்த போன் அடித்தது.

வேலாயுதம் வந்தான். சதுரம் சதுரமாக இல்லை, முழுசாக வந்தான். மூக்கோரத்து மச்சம் தெரிந்தது. வெயிலில் கறுத்த நெற்றியும், ஹெல்மெட் மறைத்த இடத்தில் கறுக்காத கோடும் தெரிந்தது.

“பவளம், சாப்பிட்டியா?”

பவளம் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டினால் இனி அவனுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டென்று முந்தானைக்குள் போய்விட்டாள்.

மகிழினி அந்த முகத்தைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. யாரோ ஒரு மீசைக்காரன். போனைத் திருப்பிப் பின்பக்கம் தேடியது. “அப்பா, அப்பா,” என்று அழ ஆரம்பித்தது.

“என்னையா தேடுது?” என்று வேலாயுதம் ஆசையாகக் கேட்டான்.

பவளம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். ஃபேன், சக்கரம், கிரைண்டர் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. தெளிவான படத்தில் அதுவும் தெளிவாகத் தெரிந்தது.

ஓரத்தில் ஒடுங்கியிருந்த வட்டத்துக்குப் பிள்ளை அழுவது தாங்கவில்லை. “நூலம்மா, ஒரே ஒரு தடவை போய் முகத்தைக் காட்டிட்டு வந்துரட்டுமா?”

“வாங்கண்ணே, நான் தடுக்கலை. ஆனா நீங்க நடுவுல வந்தா அவரு மறைஞ்சுருவாரே.”

வட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தது. சுற்றாமல் நின்றது.

அங்கே மஸ்கட்டில், வேலாயுதம் போனைக் கட்டிலில் சாய்த்து வைத்தான். எழுந்தான். கைலியை மடித்துக் கட்டினான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தான்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. “டேய் வேலாயுதம், வெயில்ல மூளை உருகிருச்சா?” என்று அந்த அறையில் யாரோ கேட்டார்கள். அவன் நிறுத்தவில்லை. எட்டாவது சுற்றில் இரும்புக் கட்டிலில் முட்டி, “அம்மா” என்று சொல்லிவிட்டு ஒன்பதாவது சுற்றுக்குப் போனான்.

மகிழினியின் அழுகை விக்கலில் நின்றது. கண் பெரிதானது. வட்டம்தான், ஆனால் மீசை வைத்த வட்டம். கை கால் உள்ள வட்டம். “அப்பா,” என்றது. பிறகு கண்ணாடியில் அவன் மூக்கின் மேல் விரலை வைத்து இன்னொரு தடவை, “அப்பா.”

சுவரைப் பிடித்து எழுந்து, தானும் கையை விரித்து அரைச் சுற்றுச் சுற்றி, வெங்காயத் தோல் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தது. தோல் எல்லாம் பறந்தது. பவளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அங்கே அவன் தலை சுற்றிப்போய்ச் சுவரைத் தேடினான்.

“நல்லாத்தான் சுத்துறான்,” என்றது வட்டம். “எல்லாம் நான் போட்ட பாதை.” சொல்லிவிட்டுத் தூங்கப் போனது.

வேலாயுதம் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். “ஆமா, பதினோரு வாரமா ஒண்ணு சொல்லணும், ஒண்ணு சொல்லணும்னியே. என்ன அது?”

பவளத்துக்குக் காது சிவந்தது. “வட்டண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்,” என்று மெதுவாகக் கெஞ்சினாள். வட்டம் குறட்டை விட்டது. படம் அசையவில்லை, உடையவில்லை. அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது வந்து,” என்றாள். “பெருசா ஒண்ணுமில்லை. நீங்க இல்லாம எனக்கு இந்த வீட்டுல...”

“ஏ புள்ள பவளம்,” என்று வெளியே மருதாயி அக்காவின் குரல். “வெங்காய வண்டி இன்னைக்குச் சீக்கிரமே வந்து நிக்குது. சட்டியைத் தூக்கிட்டு ஓடியா.”

பவளம் சட்டியை இடுப்பில் ஏற்றினாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“கட் பண்ணிராதீங்க, அப்படியே இருங்க. இதைக் கொட்டிட்டு ஓடி வந்து மிச்சத்தையும் சொல்லிடுறேன்.”