கிளி முத்திரை உருண்டை யாருடையது?

வெகு காலத்துக்கு முன்னே பூவரச நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதைத் திடவிரதர் என்ற ராஜா ஆண்டு வந்தார். பெயர்தான் திடவிரதர். காலையில் போட்ட சட்டத்தை மத்தியானத்துக்குள் மாற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் ராஜாவுக்குப் பொருவிளங்காய் உருண்டை தின்ன ஆசை வந்தது. வறுத்த மாவில் வெல்லப்பாகு ஊற்றிச் சூட்டோடு பிடிக்கிற உருண்டை அது. நீங்கள் தின்றிருந்தால் தெரியும், கருங்கல் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். கடைத்தெருவில் முத்திருளாயி என்ற அம்மாள் செய்வதுதான் பேர்போனது. ஒவ்வொரு உருண்டையின் தலையிலும் மர அச்சால் ஒரு கிளியைப் பதித்திருப்பாள். கிளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது ஊர்ப்பேச்சு.

"அடியேனே போய் வாங்கி வருகிறேன் பிரபு!" என்று ஓடினார் பண்டகசாலை அதிகாரி வல்லபராயர். அமைச்சர் குழைக்காதருக்கு ராஜாவிடம் இருந்த செல்வாக்கைப் பார்த்து எப்போதும் வயிறெரிகிற மனுஷன்.

ராஜா அந்தப்புரத்தில் உட்கார்ந்து ஆசையாய் ஒரு கடி கடித்தார். முன்பல் உருண்டையோடு போய்விட்டது. போர்க்களத்தில் போயிருந்தாலாவது பெருமை. பலகாரத்திடம் பல்லைத் தோற்றார் என்றால் பக்கத்து நாட்டு ராஜா விழுந்து விழுந்து சிரிக்க மாட்டாரா? குழைக்காதரை மட்டும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, உருண்டையையும் ஒப்படைத்தார். குதிரையிலிருந்து விழுந்துவிட்டதாக ஊருக்குச் சொல்லியாயிற்று.

வல்லபராயருக்கு இது எதுவும் தெரியாது. 'ராஜாவே ஆசைப்பட்ட பலகாரம்! அந்தக் கிளி மட்டும் நம்முடையதாகிவிட்டால்?' என்று அவர் புத்தி ஓடியது. போன வாரம் ராஜா ஒரு சட்டம் போட்டு, அதை மாற்ற மறந்துபோயிருந்தார். வியாபாரிகள் தங்கள் முத்திரையை அரண்மனை ஏட்டில் எழுதிவைக்க வேண்டும்; முதலில் எழுதியவருக்கே முத்திரை சொந்தம். அடுப்படியை விட்டு நகர நேரமில்லாத முத்திருளாயிக்கு அது எங்கே தெரியப் போகிறது? வல்லபராயர் போய்க் கிளியைத் தன் பெயரில் எழுதிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் சேவகர்கள் கடைக்கு வந்தார்கள். "கிளி முத்திரை வல்லபராயருடையது. அச்சைக் கொடு, கடையைப் பூட்டு!"

"என்னய்யா அநியாயமா இருக்கு? என் கிளிய நானே திருடிட்டேனா?" என்று கத்தியவள், பாகு கிண்டிய கரண்டியோடு அரசவைக்கு ஓடினாள். அந்தக் கடை போனால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

விஷயத்தைக் கேட்ட ராஜா உதட்டைப் பிரிக்காமல், "சட்டம் சட்டம்தான்" என்றார்.

"அப்படிச் சொல்லுங்கள் பிரபு!" என்றார் வல்லபராயர். "மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக் கிளி அது."

குழைக்காதர் எழுந்தார். "ராயரே, தங்கள் உரிமையை ஏன் அரைகுறையாக எழுதி வைத்திருக்கிறீர்கள்? கடைத்தெருவில் இதுவரை விற்ற கிளி உருண்டைகள் எல்லாம் தங்களுடையவைதானே?"

"சந்தேகமென்ன? எல்லாம் என்னுடையவை!"

"எங்கள் பக்குவம், எங்கள் பொறுப்பு என்றும் சேர்த்துவிடலாமா? நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது."

எதிரியே இப்படி உதவுகிறானே என்று வல்லபராயருக்குத் தலைகால் புரியவில்லை. எழுதி, மோதிரத்தால் முத்திரையும் குத்தினார்.

குழைக்காதர் ராஜாவின் காதில் ஏதோ சொன்னார். ராஜா பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். உடனே ஒரு வெள்ளித்தட்டு வந்தது. தட்டில் ஒரு உருண்டை. அதன் தலையில் கிளி. கிளிக்குப் பக்கத்தில் ஒரு பல்!

"ராயரே, இதுவும் உங்களுடையதுதான். பிரபு, கொஞ்சம் சிரியுங்கள்."

ராஜா 'ஈ' என்று காட்டினார். அவையோர் எட்டிப் பார்த்தார்கள்; முன்பல் இருந்த இடத்தில் ஓட்டை.

"அரசர் பல்லுக்குச் சேதம் செய்தவரின் முப்பத்திரண்டு பல்லையும் பிடுங்க வேண்டும். நம் ராஜாவின் தாத்தா போட்ட சட்டம். குறடு தயாரா?"

வல்லபராயர் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "ஐயோ, என்னுடையது இல்லை! எங்கள் வீட்டில் எவருக்கும் பாகு காய்ச்சவே தெரியாது! எல்லாம் இவளுடையது!"

முத்திருளாயி முன்னால் வந்தாள். உருண்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னுதுதான் மகாராசா. அன்னிக்குப் பாகு ஒரு கொதி கூடிப்போச்சு. ஆனா இதை யாராச்சும் கடிப்பாகளா? அம்மியில வச்சு ஒரு தட்டுத் தட்டி, கன்னத்துல ஒதுக்கி ஊறவிடணும். வாங்குற ஒவ்வொருத்தருக்கும் சொல்லித்தான் குடுப்பேன். அன்னிக்கு வாங்க வந்தது இந்த ஐயாதான். ராசாகிட்ட மறக்காம சொல்லுங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னேன்."

"இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!" என்று ராஜா பல்லைக் கடிக்கப் போய், வலித்து நிறுத்தினார். "அது கிடக்கட்டும். பல்லெல்லாம் போகும் என்று தெரிந்தும் உன்னுடையது என்கிறாயே, பயமில்லையா?"

"பயந்தான் மகாராசா. ஆனா கிளி என்னுதுன்னா, கிளி செஞ்ச தப்பும் என்னுதுதானே?"

ராஜா வலியையும் மறந்து சிரித்தார். வெட்கமே இல்லாமல், ஓட்டைப் பல் தெரியச் சிரித்தார். "குழைக்காதரே, சட்டத்தை மாற்றும்! முதலில் எழுதியவருக்கு முத்திரை சொந்தமில்லை. புகார் வந்தால் முன்னால் வந்து நிற்கிறவருக்கே சொந்தம்." ஆயுசுக்கும் அவர் மாற்றாத ஒரே சட்டம் அதுதான். கொதி கூடிய குற்றத்துக்கு, முத்திருளாயி அரண்மனைக்கு மாதம் ஒரு கூடை உருண்டை தர வேண்டும் என்றார். கூடைக்கு விலையும் உண்டு என்றார்.

வல்லபராயரின் பல் தப்பியது. ஆனால் ஒரு வருஷத்துக்கு முத்திருளாயி கடை வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், "கடிக்காதீர்கள், தட்டித் தின்னுங்கள்!" என்று கூவ வேண்டும் என்று தீர்ப்பானது.

பட்டு அங்கவஸ்திரத்தோடு வாசலில் நின்று கூவுகிறவரைப் பார்த்து, வெளியூர்க்காரர்கள், "ஐயா, இந்தக் கடைக்கு முதலாளி நீங்களா?" என்று கேட்பார்கள்.

வல்லபராயர் வாயைப் பொத்திக்கொண்டு, "சத்தியமாக நான் இல்லை! அந்த அம்மாதான்!" என்பார்.