ஜமீனுக்கு ஒரு துணை

செங்கோட்டைக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் கோமதி அம்மாவின் குடில் இருந்தது. ஓட்டு வீடு ஒன்று, தனியாக ஒரு சமையற்கட்டு, வாசலில் ஒரு நாட்டு வாதாம் மரம். கோமதி அம்மாவுக்கு நாற்பது வயதுதான். மனக்குறை சொல்லி யோசனை கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் தன்னைவிட மூத்தவர்கள் என்பதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். சில கேள்விகளுக்கு மறுநாள் பதில் வரும். சில கேள்விகளுக்கு வெங்காயமும் அரிவாள்மனையும் வரும்.

ஒரு சாரல் நாளில் வெயிலுமுத்து அண்ணாச்சி பேருந்தில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பை. இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி ஒரு கண்ணாடிக் குடுவை. குடுவைக்குள் ஒரு மீன்.

அண்ணாச்சி அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வளைவிலும் வேகத்தைக் குறைக்காதவர் என்று பெயர். அன்று ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் தளும்ப, மெதுவாகப் போகும்படி ஓட்டுநரிடம் மன்றாடிக்கொண்டே வந்திருக்கிறார். ஓட்டுநர் அவரிடம் தொழில் கற்றவர். கடைசிவரை சிரித்துக்கொண்டே ஓட்டினாராம்.

மனைவி இறந்த பிறகு, மனம் தாங்காமல் கோமதி அம்மாவிடம் வரத் தொடங்கியவர் அவர். ஒரே மகள் செண்பகம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போயிருந்தாள். போகும்போது தன் ஃபைட்டர் மீனை அப்பாவிடம் விட்டுப் போனாள். நல்ல நீலம், ஓரமெல்லாம் சிவப்பு. துடுப்புகளை அங்கவஸ்திரம் மாதிரி இழுத்துக்கொண்டு அது நீந்துகிற தோரணையைப் பார்த்து அவள் வைத்த பெயர் ஜமீன்.

இப்போது அந்த அங்கவஸ்திரம் காற்றில் கிழிந்த வாழையிலையாகத் தொங்கியது.

அண்ணாச்சி குடுவையைக் கீழே வைப்பதற்கு முன்பே தான் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டார். ஊரில் வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது. விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துகொள்ளலாம் என்று பார்க்கிறார். ஒற்றையாளாக அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. ரேடியோவும் டிவியும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் சோறு இறங்குகிறது. போகலாமா, கூடாதா?

கோமதி அம்மா குனிந்து குடுவைக்குள் பார்த்தார்.

"மொதல்ல இவரைப் பாப்போம், அண்ணாச்சி."

அண்ணாச்சி மீனின் கதையைச் சொன்னார். தென்காசி மீன்கடையில் ஒரு நீல மருந்து வாங்கி ஊற்றினார். கேட்கவில்லை. ஒரு மஞ்சள் மருந்து வாங்கி ஊற்றினார். பிறகு இரண்டையும் சேர்த்து ஊற்றினார். காயம் ஆறிவிட்டதா என்று பார்க்க தினமும் வலையில் அள்ளி வெளியே எடுத்தார். கிழிசல் கூடிக்கொண்டே போனது. செண்பகம் போனில் கேட்கும்போதெல்லாம் ராஜா மாதிரி இருக்கிறான் என்று சொல்லிவந்தார். மாதக் கடைசியில் மீனைக் கூட்டிப்போக அவள் வருகிறாள். வந்து பார்த்தால் என்ன சொல்வாள்?

"வீட்டுல எப்பிடி வச்சிருந்தீங்களோ, அப்பிடியே இங்க வைங்க" என்றார் கோமதி அம்மா.

அண்ணாச்சி குடுவையைச் சமையற்கட்டு மேசைமேல் வைத்தார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் செடியை எடுத்து உள்ளே நட்டார். கடைசியாக ஒரு சவரக் கண்ணாடியை எடுத்துக் குடுவையின்மேல் சாய்த்து, மீனுக்குத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துச் சரிசெய்தார்.

கோமதி அம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணாச்சியும் உட்கார்ந்தார். சமையல் செய்யும் இசக்கியம்மா உலை வைத்தாள், அரிசி போட்டாள், சோறு வடித்தாள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

ஜமீன் கண்ணாடியைக் கண்டதும் செவுளை விரித்தான். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தான். கண்ணாடிக்குள் இருந்தவனும் பாய்ந்தான். திரும்பினான், செடியில் வால் மாட்டியது. உதறிக்கொண்டு மறுபடி பாய்ந்தான். சோறு வெந்து முடியும்வரை அவனுக்கு ஓய்வே இல்லை.

"இந்தக் கண்ணாடி எதுக்கு?" என்று கேட்டார் கோமதி அம்மா.

"ஒத்தையில கெடக்கானேன்னு வச்சேம்மா. துணைக்கு."

கோமதி அம்மா சிரிக்கவில்லை. அண்ணாச்சிதான் குடுவையைப் பார்த்தபடி மீண்டும் பேசினார்.

"செவுளை விரிக்கான்லா. சந்தோசத்துலன்னு நெனச்சேன்."

கோமதி அம்மா சவரக் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்து, முகம் வழித்து எத்தனை நாளாகிறது, போய் வழித்துவிட்டு வாருங்கள் என்றார்.

அவர் வழித்துவிட்டு வந்தபோது, மேசைமேல் ஒரு பழைய மல்லுத்துணி இருந்தது. அந்தத் துணியால் செடியை ஒரு தடவை தடவிப் பார்க்கச் சொன்னார் கோமதி அம்மா. அண்ணாச்சி செடியை வெளியே எடுத்து, துணியை அதன் இலைமேல் இழுத்தார். துணி மாட்டியது. நூல் ஒன்று நீளமாகப் பிரிந்து வந்தது. அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு அண்ணாச்சி வெகுநேரம் நின்றார். பிறகு செடியைத் தானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டார்.

அன்று மத்தியானமே மகளைப் போனில் கூப்பிட்டார். எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பயந்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் போனைத் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"கண்ணாடியா வச்சீங்க? பாவம்ப்பா, ராத்திரி பகலா சண்ட போட்டிருக்கான்."

மீன்கடைக்காரரிடமும் அவரே போன் போட்டுக் கேட்டார். கிழிசல் மட்டும்தான் என்றால் சுத்தமான தண்ணீரும் கதகதப்பும் போதும், ஓரம் கறுத்தாலோ பூஞ்சை மாதிரி வெள்ளை படிந்தாலோ மட்டும் மருந்தைப் பற்றிப் பேசலாம் என்று சொன்ன அவர், வலையைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கவும் சொன்னார். குடுவை சின்னது, பெரிய தொட்டியாகப் பாருங்கள் என்றார்.

குடிலில் காய்கறி விதை போட்டுவைத்த பழைய மீன்தொட்டி ஒன்று இருந்தது. அதைக் கழுவி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோரம் வைத்தார்கள். சாரலின் குளிர் அங்கே எட்டாது. முதல் நாளே இறைத்துவைத்த கிணற்றுத் தண்ணீரை, தொட்டித் தண்ணீரின் சூடு அதற்கும் வந்த பிறகு, குடிலிலேயே தங்கிவிட்ட அண்ணாச்சி தினமும் காலையில் கொஞ்சம் மாற்றினார். வாசலில் விழுந்து காய்ந்த வாதாம் இலை ஒன்றைக் கழுவிப் போட்டார். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. ஜமீன் அந்த இலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"பெறவு என்னம்மா செய்ய?"

"தண்ணி மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

"தீனி போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்ப வேல முடிஞ்சுது."

அண்ணாச்சியால் அப்படி விட்டுவிட முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்து தொட்டியில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். அவர் முகத்தைக் கண்டு ஜமீன் இலையடியிலிருந்து வெளியே வந்து செவுளை விரித்தான். இசக்கியம்மா போய்க் கோமதி அம்மாவிடம் சொன்னாள். அண்ணாச்சிக்குத் துருவுவதற்குத் தேங்காய் வந்தது. அதை முடித்துவிட்டு மறுபடி வந்து நின்றார். உரிப்பதற்குப் பூண்டு வந்தது.

பூண்டும் தீர்ந்தபோது, கொல்லையில் நிற்கும் பழைய ஜீப்பை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தனக்கு ரொம்ப நாளாக ஆசை என்றாள் இசக்கியம்மா. கோமதி அம்மா அண்ணாச்சியைப் பார்த்தார்.

அன்றைக்கே பாடம் தொடங்கியது. முதல் நாள் இசக்கியம்மா ஜீப்பை வேலியில் ஏற்றினாள். இரண்டாம் நாள் அதே வேலியில் பின்பக்கமாக ஏற்றினாள். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார், சிரித்தார், ஸ்டியரிங்கைப் பிடி, என்னைப் பார்க்காதே என்று தொண்டை வறளக் கத்தினார். கொஞ்ச நாளில் அவள் சந்தைக்குப் போய்க் காய்கறியோடு திரும்பினாள். அண்ணாச்சி பக்கத்து இருக்கையில் கால்மேல் கால் போட்டு, பழைய பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு வந்தார். இறங்கி, கை கழுவி, சாப்பிட்டு, படுக்கைக்குப் போகும்போதுதான் மத்தியானத்திலிருந்து மீனைப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சோற்றுக்குத் துணையாக ரேடியோ கேட்டதும் வெகுநாளுக்கு முந்திய விஷயமாகத் தோன்றியது.

ஒரு காலையில் தண்ணீர் மாற்ற வந்தவர் பதறிப்போனார். தொட்டியின் மூலையில், தண்ணீருக்கு மேலே, வெள்ளையாக நுரை. சோப்பு பட்டுவிட்டது என்று நினைத்து இசக்கியம்மாவைத் திட்டினார். தொட்டிப் பக்கமே போகவில்லை என்று அவள் கோபித்துக்கொண்டாள். மீன்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

நுரை குமிழ் குமிழாக ஒட்டியிருக்கிறதா என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்றார் அண்ணாச்சி. அப்படியென்றால் உங்கள் மீன் கூடு கட்டியிருக்கிறது, ஆண் மீனுக்கு உடம்பும் இடமும் ஒத்துவந்தால் கட்டும் என்றார் அவர்.

"பொம்பள மீன் யாரும் இல்லையே, தம்பி."

"இல்லாட்டியும் கட்டும், அண்ணாச்சி."

அண்ணாச்சி போனை வைத்துவிட்டுக் குடிலில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஜமீன் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை எடுத்தான், குமிழாக்கி ஒட்டினான், கீழே போனான், மறுபடி மேலே வந்தான். கூட்டத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் கோமதி அம்மா துடுப்பைக் காட்டினார். கிழிந்த ஓரமெல்லாம் கண்ணாடித்தாள் மாதிரி, நிறமே இல்லாமல், புதிதாகத் தழைத்து வந்திருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

மாதக் கடைசியில் செண்பகம் வந்தாள். பையைக்கூட இறக்காமல் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அதற்குள் புதுத் துடுப்பில் நீலம் ஏறத் தொடங்கியிருந்தது. ஓரத்துச் சிவப்பு மட்டும் இன்னும் வரவில்லை. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெங்களூரில் அவள் இப்போது ஜன்னல் உள்ள அறைக்கு மாறியிருந்தாள். ஜமீனுக்கென்று மேசை வாங்கியாயிற்று, வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்துப் போட்டாயிற்று. அப்பாவுக்கு எங்கே என்று இசக்கியம்மா வெள்ளந்தியாகக் கேட்டாள். செண்பகம் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். பெரிய வீடாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். அலுவலகத்திலிருந்து கொஞ்சம் தூரம்தானாம். இரண்டு பேருந்து மாற வேண்டுமாம். பரவாயில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே இன்னொரு முறை பரவாயில்லை என்றாள்.

அண்ணாச்சி அதைக் கேட்டுக்கொண்டே வாதாம் இலைகளைப் பொறுக்கிக் காகிதத்தில் பொதிந்தார். தண்ணீர் எப்படி மாற்ற வேண்டும், எந்தச் செடி கூடாது என்று மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அவளுக்குத் தெரிந்ததுதான். எல்லாவற்றையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள்.

மறுநாள் வாடகைக்கார் வந்தது. மீனை அகலமான பாட்டிலில் விட்டு, வெளிச்சம் படாமல் துணி சுற்றி, செண்பகம் மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணாச்சியின் பையும் ஏறியது. அவர் மட்டும் திரும்பி வாதாம் மரத்தடிக்கு வந்தார். கோமதி அம்மா அங்கே நின்றிருந்தார்.

"அம்மா, வந்த அன்னைக்குக் கேட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லல. வீடு வாங்க வந்தவனுக்கு இன்னைக்குப் பதில் சொல்லணும். பிள்ளையோட போகட்டா, ஊர்லயே இருக்கட்டா?"

கோமதி அம்மா காருக்குள் பார்த்தார். செண்பகம் பாட்டிலில் சுற்றிய துணியை விலக்கி உள்ளே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்க, அண்ணாச்சி."

வழியனுப்புகிறார் என்று நினைத்து அண்ணாச்சி கும்பிட்டுவிட்டு நடந்தார். கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். மறுகால் தரையில் இருந்தது. அப்படியே நின்று, "போயிட்டு" என்பதையும் "வாங்க" என்பதையும் வாய்க்குள் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தார்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். செண்பகமும் பார்த்தாள். அண்ணாச்சியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டிருந்தது. திரும்பி வர ஒரு வீடு வேண்டுமே.